தோன்றா எழுவாய்

தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையத்தின் பெயர் சானடோரியம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இல்லத்தால் வந்த பெயர் அது. 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, குடும்பத்தை விட்டு விலகியிருத்தல் ஆகிய நான்கும்தான் அந்தக் காலத்தில் மருந்து. வியாசர்பாடியின் குடிசைகளில் நான்குமே கிடையாது. மில் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் ஓய்வு கிடைக்காது. கைக்குழந்தைக்காரி எப்படி ஒரு வருடம் விலகியிருப்பாள்? சானடோரியத்தில் இருந்த படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகள் லட்சக்கணக்கில்.

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய அரசு, மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து அமைத்தவை. ஐசோனியசிட் மருந்து வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. வாலஸ் ஃபாக்ஸும் அவருடன் பணியாற்றிய இந்திய மருத்துவர்களும் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்கள்: மாத்திரையால் குணமாகும் என்றால் படுக்கை எதற்கு? நகரத்து ஏழைகளில் ஏறக்குறைய 200 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறுபாதி வீட்டிலேயே இருந்தது. இருசாராருக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருடம்.

1959-இல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகம் நடமாடினார்கள், நெரிசலில் தூங்கினார்கள். இருந்தும் சானடோரியத்தில் இருந்தவர்களோடு ஒப்பிடும் அளவுக்கு அவர்களும் தேறினார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை. சிகிச்சை தொடங்குமுன்பே தொற்ற வேண்டியது பெரும்பாலும் தொற்றிவிடுகிறது என்று தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டமும் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டதுதான்.

இந்த வெற்றியை நான் குறைத்துப் பேச வரவில்லை. எங்கள் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் சிதறாமல் இருந்ததற்கு இதுவே காரணம். எனக்குத் தொழில் தமிழ் கற்பிப்பது. அதனால் மருத்துவ அறிக்கைகளையும் இலக்கணக் கண்ணோடுதான் படிக்கிறேன். தமிழில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. வாக்கியத்தில் செயல் இருக்கும், செய்தவர் வெளியே தெரியமாட்டார். வீட்டுச் சிகிச்சையின் வரலாறு முழுக்க அப்படி எழுதப்பட்டதுதான். ‘வீட்டில் மருந்து உட்கொள்ளப்பட்டது’, ‘வாராந்திர மருந்து பெறப்பட்டது’ என்கிற மாதிரி. வீடு என்பது நான்கு சுவர் இல்லையே. சானடோரியத்தில் நர்ஸ், சமையற்காரர், துப்புரவுப் பணியாளர் என்று பலர் சம்பளத்துக்குச் செய்த வேலை வீட்டுக்கு வந்தபோது அதை ஏற்றுக்கொண்டது யார்?

எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய ஓர் ஆயா இருக்கிறார். கணவருக்கு டிபி வந்தபோது வாராவாரம் ஓட்டேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர். “மாத்திர துண்ணது அவரு. நேரம் பாத்துக் குடுத்தது, கணக்கு வச்சினு இருந்தது, ஆஸ்பத்திரிக்கி நடந்தது, கோழ துப்புன சட்டிய கொளுத்துனது எல்லாம் நானு. ஊசி மட்டுந்தான் நான் போட்டுக்கல” என்றார். அன்றைய பாஸ் மருந்து தினம் பல கிராம் விழுங்க வேண்டியது, குமட்டும். நோயாளிகள் அதை எறிந்துவிடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள மையத்தினர் சொல்லாமல் வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அறிவியலுக்கு அது தேவைதான். ஆனால் விழுங்க மறுத்தவரைக் கெஞ்சிக் கொஞ்சி விழுங்க வைத்தவளின் உழைப்பை எந்தச் சோதனையும் அளக்கவில்லை.

நோயாளியே பெண்ணாக இருந்தால் கதை வேறு. என் மாணவி ஒருத்தி ஆறு மாத மாத்திரையில் இருந்தாள். உறவினர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவளுக்கு வரன் பார்க்கும் வயது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை. ஒவ்வொரு முறையும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாளாம். அந்தத் தண்ணீரையும் அவளே லாரியில் பிடித்து வந்தாக வேண்டும். மூச்சு வாங்கும் என்றாள். ‘நோயாளி வீட்டில் இருந்தார்’ என்று பதிவேட்டில் எழுதினால் இது எதுவும் அதில் வராது.

சாப்பாட்டு விஷயமும் இப்படித்தான். நல்ல உணவில்லாமலும் மருந்து வேலை செய்கிறது என்று ஆய்வு காட்டியது உண்மை. ‘வேலை செய்கிறது’ என்பது ‘உணவு தேவையில்லை’ என்று ஆகிவிடாது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் கொடுத்துச் செய்த ராஷன்ஸ் ஆய்வு 2023-இல் வெளியானது. அந்த வீடுகளில் மற்றவர்களுக்குப் புதிதாக நோய் வருவது கணிசமாகக் குறைந்தது. எல்லோருக்கும் போட்டுவிட்டு அடிச்சட்டியைச் சுரண்டுகிறவள் யார் என்று நமக்குத் தெரியும். 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் தரப்பட்டது, 2024 நவம்பரிலிருந்து 1000. பணம் அவள் பெயரில் வங்கிக் கணக்குக்கு வந்தாலும் அது அவள் தட்டுக்கு வந்து சேர்கிறதா என்பதே என் கேள்வி.

படுக்கை எல்லோருக்கும் வேண்டியதில்லை என்று 1959 சொன்னது. சிலருக்குக் கட்டாயம் வேண்டும் என்பதைத் தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் சொல்கிறது. நோய் உறுதியானதும் எடை, மூச்சு, எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இது நல்ல திருத்தம். ஆனால் எழுந்து நிற்க முடியாதபோதும் அடுப்படியில் நிற்கப் பழகியவர்கள் பெண்கள். “நிக்க முடியுதாம்மா?” என்று கேட்டால் “முடியுது” என்றுதான் சொல்வாள். அவளைக் கேட்டால் மட்டும் போதாது. நிற்க வைத்துப் பார்க்க வேண்டும், எடை போட வேண்டும்.

மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், டிபி என்று உங்கள் வீட்டில் யாருக்கோ நீண்டநாள் நோய் இருக்கும். ஒரு வாரம் அந்தச் சிகிச்சையின் ஒவ்வொரு வேலையையும் வாக்கியமாக எழுதுங்கள். செயப்பாட்டு வினை கூடாது. ‘ஊசி போடப்பட்டது’ என்று எழுதாமல் யார் போட்டது என்று எழுதுங்கள். எழுவாய் இல்லாத வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நம் தெருக்களின் மருத்துவ வரலாற்றை அந்த நோட்டுகளிலிருந்து எழுதத் தொடங்கலாம்.