கடல்நீர்ப் பவளத் தொட்டியில் நைட்ரேட் குறைப்பு: புதுக்கோட்டை மாவட்டம்

வீட்டில் வைத்திருக்கும் கடல்நீர்த் தொட்டியில் மீன் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் சிதைந்து முடியும்போது மிஞ்சும் உப்பு நைட்ரேட். முதலில் அம்மோனியா உண்டாகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவற்றில் அம்மோனியா மீனைக் கொல்லும் நஞ்சு. நைட்ரேட் அப்படி உடனே கொல்வதில்லை; ஆனால் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். வெப்பமண்டலப் பவளப் பாறைகளைச் சூழ்ந்த கடல்நீரில் அது பொதுவாக லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. கவனிக்காத தொட்டியில் 50ஐத் தாண்டிவிடும். அந்த அளவில் பவள உயிர்களின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் அளவுமீறிப் பெருகி, பவளம் நிறம் மங்கிப் பழுப்பாகும், வளர்ச்சியும் தடைபடும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எனப் பாக் விரிகுடாக் கரை உண்டு. ஆனாலும் மாவட்டத்தின் உட்பகுதி வானம் பார்த்த பூமி. அங்கே தொட்டிக்குக் கிடைப்பது பெரும்பாலும் போர் தண்ணீர். உரமிட்ட வயலும் கழிவுநீரும் அருகில் இருந்தால் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறும். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பே லிட்டருக்கு 45 மில்லிகிராம். மனிதர் குடிக்கத் தகுந்த தண்ணீர் பவளத் தொட்டிக்குத் தகாமல் போவது இப்படித்தான்.

இதில் பலர் பார்க்கத் தவறுவது ஆவியாதலை. தொட்டியிலிருந்து ஆவியாவது தூய நீர் மட்டுமே. நைட்ரேட் உள்ளேயே தங்கிவிடும். 200 லிட்டர் தொட்டியில் சித்திரை வெயிலில் நாளுக்கு 3 லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள போர் தண்ணீரால் அதை நிரப்பினால், தினமும் 60 மில்லிகிராம் உள்ளே போகும். மீன் ஒரு வாய் தின்னாவிட்டாலும் மாதத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஏறிவிடும். ஆகவே விலை உயர்ந்த கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது, ஊற்றும் நீரைச் சோதிப்பதும் நல்ல நிலையில் உள்ள ஆர்.ஓ. நீருக்கு மாறுவதும்தான்.

கடல்நீரையே எடுத்துவருவோர் மீன்பிடித் துறைகளின் அருகில் எடுக்கக் கூடாது. டீசலும் மீன் கழிவும் கலந்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் விரிகுடா கலங்கி வண்டலோடு இருக்கும். அந்த மாதங்களில் கடலுப்புக் கலவையை ஆர்.ஓ. நீரில் கரைப்பதே நல்லது.

நீர் மாற்றுவது எளிய வழி, ஆனால் அதன் கணக்கு ஏமாற்றும். 50 மில்லிகிராம் உள்ள தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் 40தான் ஆகும். பாதிக்கும் கீழே இறங்க நான்கு முறை மாற்ற வேண்டும், அதுவும் இடையில் எதுவும் சேராதிருந்தால். புரோட்டீன் ஸ்கிம்மர் கழிவை நைட்ரேட் ஆகும் முன்பே நுரையாக வெளியேற்றுகிறது. துளைகள் நிறைந்த கல்லிலும் ஆழமான மணலிலும் ஆக்சிஜன் எட்டாத இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடுகின்றன. இதற்கென்று கரையில் பவளத் துண்டு பொறுக்கக் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. சிமென்ட் கல்லும் துளையுள்ள பீங்கான் வளையங்களும் அந்த வேலையைச் செய்யும்.

பாக்டீரியாவுக்குக் கார்பன் ஊட்டுவது இன்னொரு முறை. வினிகரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும்போது பாக்டீரியா பெருகி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடலில் சேர்த்துக்கொள்ளும்; அந்த பாக்டீரியாவை ஸ்கிம்மர் வெளியே தள்ளும். இறால் பண்ணைகளில் பயோஃபிளாக் முறைக்கு மொலாசஸ் ஊற்றுவதும் இதே தத்துவம்தான். பாஸ்பேட் தீர்ந்துபோனால் நைட்ரேட் இறங்குவது நின்றுவிடும். பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனையும் இழுக்கும் என்பதை இந்த மாவட்டத்தில் மறக்கவே கூடாது. கோடையில் சூடேறிய நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அதோடு இரவில் மின்சாரம் போனால் விடிவதற்குள் மீன்கள் மடியக்கூடும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு இல்லாத வீட்டில் இந்த முறையைத் தொடங்காதிருப்பதே நலம்.

இந்தச் சூழலுக்கு மிகப் பொருந்துவது பாசி வளர்ப்பு என்று சொல்லலாம். தொட்டியோடு இணைந்த தனி அறையில் விளக்கொளியில் கீட்டோமார்ஃபா போன்ற பாசியோ நம் கடலின் கஞ்சிப்பாசியோ வளர்ந்து நைட்ரேட்டை உறிஞ்சும். அவ்வப்போது அறுத்து எடுத்தால்தான் பலன். விட்டுவிட்டால் அழுகி, உறிஞ்சியதையெல்லாம் திருப்பித் தரும். விளக்கை இரவில் எரியவிட்டால், பிரதான விளக்கு அணைந்த நேரத்தில் ஆக்சிஜனும் கிடைக்கும்.

பவளத் தொட்டிக்கு லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் நைட்ரேட் போதுமானது. பூஜ்யத்துக்கு இறக்குவதும் தவறு: பவளம் வெளிறும், வழவழப்பான டைனோஃபிளஜல்லேட் படலம் மணலை மூடும். சில டெஸ்ட் கிட்டுகள் நைட்ரேட்-நைட்ரஜன் அளவையே காட்டும், அதை 4.4ஆல் பெருக்க வேண்டும். நைட்ரைட் இருந்தால் அளவு கூடுதலாகத் தெரியும்.

அறுத்த பாசியையும் கழிவுநீரையும் கடலில் கொட்டக் கூடாது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் அயல்நாட்டுக் காப்பாஃபைகஸ் பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தனர். பாக் விரிகுடாவிலோ தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசு மேய்வது அங்குள்ள கடற்புல்லைத்தான். தொட்டிப் பாசியை நன்னீரில் அலசிக் காயவைத்துத் தென்னைக்கு எருவாக இடலாம்.