சேவைச் செருகி (கலப்பினத் தானுந்து)

சேவைச் செருகி என்பது கலப்பினத் தானுந்தின் உயர் மின்னழுத்த மின்கல அடுக்கைத் துண்டிக்கும் பாதுகாப்பு உறுப்பு ஆகும். 2003இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியசில் இவ்வடுக்கின் மின்னழுத்தம் 201.6 வோல்ட்டு. இது உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால், உயர் மின்னழுத்தப் பகுதிகளைப் பழுதுபார்க்கும் முன் செருகி கழற்றப்படுகிறது. கழற்றிய பின்னரும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் சிறிது நேரம் எஞ்சியிருக்கும்.

பழுதுபார்த்த பின் வண்டி இயங்காமைக்குச் செருகியின் கைப்பிடி முழுமையாகப் பூட்டப்படாமை ஒரு காரணம் ஆகும். செருகி பொருந்தியதுபோல் தோன்றினாலும், அதிலுள்ள காப்பு நிலைமாற்றி மூடப்பட்டிராது. எனவே கட்டுப்பாட்டுக் கணினி முதன்மை உணர்த்திகளை இணைக்காது. 'ரெடி' விளக்கும் எரியாது. இது பழுதன்று, பாதுகாப்பு ஏற்பாடே. 12 வோல்ட்டு துணை மின்கலம் வலுவிழந்தாலும் வண்டி இயங்காது. அப்போது முகப்பு விளக்குகள் மங்கலாக எரியும்.