ஜீப் மீட்டமைப்பு

ஜீப் மீட்டமைப்பு என்பது, நெடுங்காலம் ஓடாமல் கிடந்து துருவேறிய நான்கு சக்கர இயக்க ஊர்தியின் இயந்திரப் பகுதிகளையும் பதிவு ஆவணங்களையும் ஒருசேரச் சீர்செய்து, பொதுச்சாலையில் சட்டப்படி ஓட்டத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் பணியாகும். எஞ்சினின் விசை பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களுக்கும் செல்லும் அமைப்பே நான்கு சக்கர இயக்கம் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இவ்வாறு மீட்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவை வில்லிஸ் உரிமத்தின்கீழ் மகிந்திரா நிறுவனம் தயாரித்த ஜீப்புகளும் அவற்றின் வழிவந்த ஊர்திகளுமே ஆகும். மழைக்காலத்தில் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு வரும் கரிசல் மண்ணும், தூத்துக்குடி முதல் வேம்பார் வரையிலான கரையிலிருந்து வீசும் உப்புக்காற்றும் அடுத்தடுத்து அமைந்த எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில், ஜீப்பை வேண்டச்செய்த மண்ணே, அக்காற்றோடு சேர்ந்து, அதன் அழிவுக்கும் காரணமாயிற்று.

தோற்றமும் வகைகளும்

1940-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் கோரிய இலகுவகை உளவு ஊர்திக்கு முதல் வரைபடம் தயாரித்தவர் கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளர். அதன்படி அமெரிக்கன் பான்டம் நிறுவனம் கட்டிய மாதிரி அவ்வாண்டு செப்டம்பரில் சோதனைக்கு ஒப்படைக்கப்பட்டது. பான்டம் சிறிய நிறுவனமாதலால் பேரளவு ஒப்பந்தங்கள் வில்லிஸ்-ஓவர்லாந்து, ஃபோர்டு ஆகிய இரண்டுக்கும் சென்றன. எனவே ஜீப்பை வில்லிஸ் நிறுவனத்தின் கண்டுபிடிப்பாகக் கூறும் வழக்கம் பிழையானது. 80 அங்குலச் சக்கர இடைவெளியும், வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்த 2,199 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினும், 60 குதிரைத்திறனும் கொண்ட வில்லிஸ் எம்.பி. என்னும் வகையும், அதற்கு இணையாக ஃபோர்டு தயாரித்த ஜி.பி.டபிள்யூ. வகையும் சேர்ந்து இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்தன. இந்தியாவுக்கு வந்தவற்றுள் ஒரு பகுதி போர் முடிந்தபின் உபரிப் பொருளாக விற்கப்பட்டுத் தனியார் கைக்குச் சென்றது.

1945 அக்டோபர் 2 அன்று மகிந்திரா அண்ட் முகம்மது என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனம், 1947-இல் வில்லிஸ் நிறுவனத்திடமிருந்து பகுதிகளாக வந்த 75 ஜீப்புகளைப் பம்பாயின் மசகானில் பூட்டி வெளியிட்டது. பங்குதாரர் குலாம் முகம்மது பிரிவினைக்குப்பின் பாகிஸ்தானின் நிதியமைச்சரானதைத் தொடர்ந்து 1948-இல் நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா என்றாயிற்று. இங்கு மிக அதிகமாகப் பரவியது சி.ஜே.3பி என்னும் வகை. உள்ளிழுக்கும் வால்வுகளைத் தலைப்பகுதிக்கு மாற்றியமைத்த ஹரிக்கேன் எஞ்சின் உயரம் மிகுந்ததாக இருந்தமையால் அதன் பானெட்டும் உயர்த்தப்பட்டது; இவ்வுயர்ந்த முகப்பைக் கொண்டே இவ்வகையை எட்ட நின்றும் இனங்காணலாம். பின்னர் பியூஜோ உரிமத்தின்கீழ் தயாரான 2,112 கன சென்டிமீட்டர் எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின் இடம்பெற்ற எம்.எம்.540 முதலியனவும், அதன்பின் 2,523 கன சென்டிமீட்டர் எம்.டி.ஐ. டீசல் எஞ்சின் வகைகளும் வந்தன. ஜபல்பூர் ஊர்தித் தொழிற்சாலை 1969 முதல் 1999 வரை தயாரித்த ஜோங்கா, நிசான் பேட்ரோல் பி60 வழிவந்ததாதலால், ராணுவ ஏலத்தில் வெளிவந்து ஜீப் என்றே அழைக்கப்பட்டபோதிலும், ஜீப் வகைப்பாட்டில் சேராது.

1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் ஜீப்பை ஊர்ப்புறத்துக்குக் கொண்டு சேர்த்தது. வட்டார வளர்ச்சி அலுவலரின் ஊர்தியாக வந்த பஞ்சாயத்து யூனியன் ஜீப், காவல்துறை, பொதுப்பணித்துறை ஜீப்புகள் ஆகியவை பயன்பாட்டுக் காலம் முடிந்ததும் 'கண்டம்' செய்யப்பட்டு, அதாவது பயனற்றவை எனச் சான்றளிக்கப்பட்டு, ஏலத்தில் விடப்பட்டன. தோட்டந்துரவுகளிலும் உப்பளங்களிலும் இன்று கிடக்கும் பழைய ஜீப்புகளில் பல இவ்வழியே வந்தவை.

சேசிசும் பாடியும்

மீட்டமைப்பில் முதலில் ஆராயத்தக்கது ஊர்தியின் எலும்புக்கூடாகிய சேசிஸ் ஆகும். அடுத்தது பாடி. அதன் தரைத்தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவில் மடித்துப் பற்றவைக்கப்பட்ட தாங்குவரிகளுக்குள் கரிசல் சேறு புகுந்து இறுகி ஈரத்தைப் பிடித்துவைப்பதால், மேலே பெயின்ட் பளபளத்தாலும் தகடு உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. போர்க்கால ஜீப்புகளில் இவ்வரிகளுக்குள் மரக்கட்டையும் வைக்கப்பட்டிருந்தமையால் அங்கு மரம் இற்றுப்போதலும் சேர்ந்துகொள்கிறது. துருவேறிய தகட்டை வெட்டி நீக்கி அதே கனமுள்ள புதுத்தகட்டைப் பற்றவைக்கும் டிங்கரிங் வேலையே முறையானது. ஓட்டையின்மேல் பட்டி பூசி மறைத்தல் மழைக்காலம் வரை மட்டுமே தாங்கும். பாடி முழுதும் கெட்டிருப்பின், ஹரியானாவின் மண்டி டப்வாலி முதலிய ஊர்களில் செய்யப்படும் புதுப்பாடியை வாங்கிப் பூட்டுவதும் உண்டு.

எஞ்சின்

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்கின்றன. பிளக்கையோ டீசல் எஞ்சினாயின் இன்ஜெக்டரையோ கழற்றி, டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்டுக் கைப்பிடியால் மெல்லச் சுழற்றியே அவற்றை விடுவிக்க வேண்டும். இழுத்துச் செல்லும் ஊர்தியைக் கொண்டு வலிந்து சுழற்றினால் வளையம் முறியும். பின்னர் லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து (ரீபோர்) அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30 எனப் படிப்படியாகப் பருத்த பிஸ்டன்கள் இடப்படுகின்றன. கடையும் எல்லை கடந்துவிட்டால் லைனர் என்னும் உட்குழல் பொருத்தப்படுகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடெங்கும் நீக்கப்பட்டமையால் பழைய பெட்ரோல் எஞ்சின்களுக்குக் கடினமான வால்வு இருக்கைகளும், எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோலால் பழைய ரப்பர் கெடுவதால் பம்ப் டயாபிரமும் எரிபொருள் குழாய்களும் புதிதாக வேண்டப்படுகின்றன. பெட்ரோல் எஞ்சினை அகற்றி டீசல் எஞ்சினைப் பூட்டும் வழக்கம் எரிபொருள் செலவு கருதி எங்கும் பரவியது என்றாலும், அவ்வாறு மாற்றப்பட்ட ஜீப்பை முழுமையாக மீட்கப்பட்டதாகக் கொள்வதற்கில்லை.

நான்கு சக்கர இயக்கமும் பிரேக்கும்

கியர்பாக்சுக்குப் பின்னால் அமைந்து விசையை இருபுறமும் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேசில் எண்ணெய்க் கசிவு இயல்பானது. ஓடாது கிடந்த காலத்தில் எண்ணெய் வற்றிப் பல்சக்கரங்கள் துருப்பிடித்திருக்கும். முன் ஆக்சிலின் இரு முனைகளிலும் உள்ள கிங்பின் தாங்கிகள் தேய்ந்திருந்தால் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் கட்டுக்கடங்காமல் ஆடும். நான்கு டயர்களும் ஒரே சுற்றளவு கொண்டிருத்தல் இன்றியமையாதது. இவ்வகைகளில் முன், பின் ஆக்சில்களின் சுழற்சி வேறுபாட்டை ஈடுகட்டும் பொறி இடையில் இல்லாததால், தார்ச்சாலையில் முன் இயக்கத்தை இணைத்து ஓட்டினால் விசைத்தண்டுகள் முறுக்கேறிப் பல்சக்கரங்கள் உடையக்கூடும். சேற்றில் சக்கரம் வழுக்கி அம்முறுக்கைத் தளர்த்திவிடுகிறது. பிரேக்கின் வீல் சிலிண்டர்கள் அனைத்தையும் மாற்றிக் குழாய்களிலிருந்து காற்றெடுத்தல் வேண்டும். சக்கரங்களில் அன்றி டிரான்ஸ்ஃபர் கேசின் பின்புறத் தண்டில் பிடிக்கும் பழைய கைப்பிரேக், எண்ணெய்க் கசிவில் நனைந்து பயனற்றுப்போவது வழக்கம்.

ஆவணங்கள்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் ஊர்தியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஆய்வுக்கு உட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் சேசிசில் பொறித்த எண்ணும் ஒத்திருப்பதே இதில் முதன்மையானது. துரு அவ்வெண்ணைத் தின்றுவிட்டால் மற்றெல்லாம் சீராக இருந்தும் புதுப்பித்தல் கைகூடாமற் போகும். தூத்துக்குடி மாவட்டம் 1986 அக்டோபர் 20 அன்றே சிதம்பரனார் மாவட்டம் என்ற பெயரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டது என்பதால், இன்று டி.என். 69, டி.என். 96 எண்கள் வழங்கும் இவ்வட்டாரத்தில் அதற்கு முற்பட்ட ஜீப்புகளின் மூலப் பதிவைத் திருநெல்வேலியில் தேட நேர்கிறது. 50 ஆண்டு கடந்த ஊர்திகளைத் தொன்மை ஊர்தியாகப் பதியும் விதிகள் 2021-இல் வந்தன. இவ்வாறு பதிந்தவற்றை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தலாகாது.

2022 ஏப்ரலில் 15 ஆண்டு கடந்த கார், ஜீப் ஆகியவற்றின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆக உயர்ந்தது. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த அரசு ஊர்திகளின் பதிவு செல்லாதாகி, அவை பதிவுபெற்ற உடைப்பு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றன.