பந்தை வாங்கத் தெரிந்தவர்கள்

விழா மலர்களில் கோல் அடித்தவர்களுக்கு எப்போதும் இடம் உண்டு. கோப்பையைத் தூக்கிய கேப்டனுக்கும் பெனால்டியைத் தடுத்த கோலிக்கும் படத்தோடு அரைப்பக்கம் கிடைக்கும். கோலார் தங்கவயல் கால்பந்தைப் பற்றி எழுதித் தரும்படி விழாக் கமிட்டியார் கேட்டபோது, அந்தப் பட்டியலில் சேராத சிலரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. பந்து காலுக்கு வந்து சேரும் அந்த ஒரு நொடியில், அடுத்து ஆட்டம் எந்தப் பக்கம் போகும் என்பதை முடிவு செய்பவர்கள் அவர்கள். பாஸ் கொடுப்பவனை எல்லோரும் பார்க்கிறோம். வாங்குகிறவன் எங்கே நிற்கிறான், எந்தக் காலில் வாங்குகிறான் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு டீமின் தாக்குதலே உருவாகிறது என்பது என் கட்சி.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே கால் வைத்தபின் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் வேலை பார்க்க, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர் பக்கமிருந்தும் நம் பாட்டன்மார் வந்து தொழிலாளர்களுக்கான லைன் வீடுகளில் குடியேறினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. லைன்வாசிக்கு ஒரு பந்து போதும், செருப்புகூட வேண்டாம். கால்பந்து இந்த ஊரில் வேர்விட்டதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேடத் தேவையில்லை.

அந்தக் காலத்து அமைப்பு 2-3-5. இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து ஃபார்வர்டு. லெஃப்ட் அவுட், லெஃப்ட் இன், சென்டர், ரைட் இன், ரைட் அவுட் என்று ஐந்து பேருக்கும் ஐந்து வேலை. அவுட் ஆள் கோட்டை ஒட்டி நின்று, ஓடும் வேகத்திலேயே பந்தை வாங்கி, மூலைவரை போய்க் கிராஸ் போட வேண்டும். இன் ஆள் ஹாஃபுக்கும் சென்டருக்கும் நடுவில், நாலு எதிரிக் கால்களுக்கு மத்தியில் வாங்கித் திரும்ப வேண்டும். சென்டர் ஃபார்வர்டு கோலுக்கு முதுகு காட்டி வாங்க வேண்டியவன், பின்னால் நிற்கும் பேக்கின் மூச்சு கழுத்தில் படும். ஷிஃப்டு முறையில் வேலை பார்த்த ஊரில் இந்தப் பிரிவினைக்குத் தனிப் பயன் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. லெஃப்ட் அவுட்டுக்கு நைட் ஷிஃப்டு விழுந்தால் வேறொருவன் வந்து அதே கோட்டோரம் நிற்பான். பக்கத்து ஆளைப் பழகியிருக்க வேண்டியதில்லை, இடத்தைப் பழகியிருந்தால் போதும்.

1925-இல் ஆஃப்சைடு விதி மாறியது. பந்து உதைக்கப்படும்போது முன்னால் மூன்று எதிரிகள் இருக்க வேண்டும் என்பது இரண்டாகக் குறைந்தது. இங்கிலாந்தில் ஆர்சனல் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன், சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது பேக் ஆக்கினார். நடுவில் காலியான இடத்தை அடைக்க இன் ஆட்கள் இருவரும் கீழே இறங்கினார்கள். கவனியுங்கள், ஓர் ஆள் பந்தை வாங்கும் இடம் பத்து இருபது கஜம் பின்னால் போனதும் டீமின் முழுத் தாக்குதலும் வேறாகிவிட்டது. அதுவரை முன்வரிசையில் பந்தை வாங்கியவன், இப்போது தற்காப்பிலிருந்து வரும் பந்தை முதலில் வாங்குகிறவன் ஆனான்.

வாங்கும் இடம் தாக்குதலை உருவாக்குகிற இந்த விஷயத்தைப் பாடப் புத்தகம்போலக் காட்டிய முன்வரிசை ஒன்று நம் நாட்டில் இருந்தது, அதில் பாதிக்கு மேல் நம் பக்கத்து ஆட்கள். 1949 முதல் 1953 வரை கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஆடிய ‘பஞ்ச பாண்டவர்’. ரைட் அவுட்டில் வெங்கடேஷ், ரைட் இன்னில் அப்பா ராவ், சென்டரில் தன்ராஜ், லெஃப்ட் இன்னில் அகமது கான், லெஃப்ட் அவுட்டில் சாலே. வெங்கடேஷும் தன்ராஜும் அகமது கானும் பெங்களூர்க்காரர்கள். அப்பா ராவ் ஆந்திரா, சாலே கேரளம். ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை, ஆனாலும் கல்கத்தா அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. 1949-இல் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றார்கள். ஷீல்டு அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவர்களிடமே இருந்தது.

அகமது கான் பந்தை வாங்கினால் காலிலேயே ஒட்டிக்கொள்ளும், எதிரிகள் இரண்டு பேராவது அவரைச் சுற்றி வருவார்கள். அந்த இரண்டு பேர் விட்டுவந்த இடம்தான் மற்ற நால்வருக்கும் முதலீடு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றபோது, அந்த ஒற்றைக் கோலை அடித்தவரும் அவரே. அதற்கு நாலு வருஷம் முன்பு, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன், அவரும் பெங்களூர்க்காரர். அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டியை வீணடித்து 2-1 என்று தோற்றோம். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அன்றைய நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். காய்ந்த தரையில் வெறுங்கால் பந்தை அடக்குகிற மாதிரி பூட்ஸ் அடக்காது. மழைச் சேற்றிலும் குளிரிலும் அதே கால் வழுக்கும். ஹெல்சிங்கி தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

 

வாங்குகிறவனுக்குத் தனி மதிப்பு கொடுக்கிற இன்னொரு ஆட்டமும் உண்டு: அமெரிக்கர்கள் கையால் ஆடும் அவர்களுடைய ஃபுட்பாலில் ‘ரிசீவர்’ என்று பந்தை வாங்குவதற்கென்றே தனிப் பதவி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவனும் எத்தனை கஜம் ஓடி எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்பது முன்கூட்டியே வரைந்து வைத்த கணக்கு. நம் ஆட்டத்தில் அந்தக் கணக்கை ஆடுகிறவனே ஓடிக்கொண்டே போட வேண்டும். எனக்கு நம்முடையதுதான் பிடிக்கிறது.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்களைப் பிற்பாடு நடத்தி வந்த பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. மாரிக்குப்பம் ரயிலில் விடிவதற்கு முன்பே ஏறிப் பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிற வாழ்க்கை நம் பிள்ளைகளுக்கு அமைந்தது. அவர்களில் பலர் 2013-க்குப் பிறகு பெங்களூரு எஃப்.சி. ரசிகர்கள் ஆனார்கள். அந்தக் கிளப்பின் 2017-18 முன்வரிசையைப் பார்த்தபோது எனக்குப் பழைய இன்-அவுட் கதைதான் ஞாபகம் வந்தது. வெனிசுவேலாக்காரர் மிக்கு, கோலுக்கு முதுகு காட்டி வாங்குவார், சில நேரம் கீழே இறங்கி பேக்கையும் கூடவே இழுத்து வருவார். அவர் விட்ட இடத்துக்குள் இடது பக்கமிருந்து சுனில் சேத்ரி நுழைவார். வலது பக்கம் உதாந்தா சிங் கோட்டை விடாமல் நிற்பார், எதிரி வரிசை குறுக முடியாது. அந்த சீசன் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) மிக்கு 15 கோல், சேத்ரி 14.

2018 மார்ச் 17, பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் அந்த லீக்கின் இறுதி ஆட்டம். 9-ஆம் நிமிஷம் உதாந்தா வலப்பக்கம் ஓடிக் கிராஸ் போட, சேத்ரி பாய்ந்து தலையால் தள்ளினார். பழைய ரைட் அவுட் பாணியில், அச்சு அசல். ஆனால் சென்னையின் எஃப்.சி. திருப்பியடித்தது எப்படி? பிரேசில்காரர் மயில்சன் ஆல்வெஸ், ஒரு பேக், இரண்டு கார்னரில் இரண்டு ஹெட்டர். 3-2 என்று கோப்பை சென்னைக்குப் போனது. ஓடுகிற ஆட்டத்தில் யார் எங்கே வாங்குவது என்று சீசன் முழுக்கச் செதுக்கிய டீம், நிற்கிற பந்தில் யார் யாரைப் பிடிப்பது என்பதில் கோட்டை விட்டது.

சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுக்குக் கீழே நம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பாருங்கள். சரளைக்கல்லில் பட்டுப் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்து ரிட்டயரான ஒரு பெரியவர், பழைய ரைட் ஹாஃப், டச்லைனில் குந்தியபடி பையன்களை அதட்டுவார். “டேய், பால் வர்றதுக்கு முந்தியே தோள் மேல திரும்பிப் பாருடா. வந்த அப்புறம் பாத்தா இன்னா பிரயோஜனம்? பேக் உன்னப் பாத்துட்டான் இல்ல!” பையன் அடுத்த முறை பார்க்கிறான். உடம்பைப் பாதி திருப்பி, தூரத்துக் காலின் உட்பக்கத்தால் வாங்குகிறான். ஒரே தொடுதலில் பந்தும் அவனும் கோலைப் பார்த்து நிற்கிறார்கள், பேக் பின்னால் தங்கிவிடுகிறான். “அப்படித்தான் நைனா” என்பதோடு பெரியவரின் பாராட்டு முடிந்துவிடும்.

கமிட்டியாருக்கு ஒரு விண்ணப்பம். அதிக கோல் அடித்தவருக்கும் சிறந்த கோலிக்கும் கப் கொடுக்கும் மேடையில், பந்தை நன்றாக வாங்குகிற ஒருவருக்கும் ஒரு சின்னக் கப் ஒதுக்கலாம். யாருக்குக் கொடுப்பது என்று சண்டை வரும்தான். அதைத் தீர்த்து வைக்க டச்லைனில் குந்தியிருக்கும் பெரியவர்களில் மூன்று பேரைக் கூப்பிட்டுக்கொண்டால் போதும், டீக்காசு மட்டும் கமிட்டி கொடுத்துவிட வேண்டும்.