பெருந்தொற்றுக்குப் பின் பணியாளர் நலம்: மயிலாடுதுறை நெல் கொள்முதல் நிலையங்களை முன்வைத்து

2020 மார்ச்சில் நாடு முடங்கியபோது, அம்மாதம் 27ஆம் நாளே வேளாண் பணிகளுக்கும் கொள்முதலுக்கும் ஒன்றிய அரசு விலக்களித்தது. எட்டாண்டு இடைவெளிக்குப் பின் அந்த ஜூன் 12ஆம் நாள், வழக்கமான தேதியிலேயே மேட்டூர் அணை திறந்தது. குறுவை நட்டார்கள், அறுத்தார்கள், மூட்டை கட்டினார்கள். நகரங்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கற்றுக்கொண்ட அதே மாதங்களில் காவிரிக் கடைமடையில் வேலை ஒருநாளும் வீட்டுக்குள் வரவில்லை. மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்ததும் அந்த ஆண்டின் டிசம்பர் 28ஆம் நாள்தான்.

பெருந்தொற்றுக்குப் பிந்தைய பணியாளர் நல விவாதம் இந்த உழைப்பாளரைக் கணக்கில் கொண்டு எழுந்ததல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022 ஜூனில் பாதுகாப்பான, நலமான பணிச்சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் நடைமுறையில் வந்த மருத்துவக் காப்பீடு, மனநல ஆலோசனை, ஆண்டுப் பரிசோதனை எல்லாம் மூன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன: நிலையான முதலாளி, சுவருள்ள பணியிடம், பெயர் இருக்கும் வருகைப் பதிவேடு. மயிலாடுதுறை, குத்தாலம், சீர்காழி, தரங்கம்பாடி ஆகிய நான்கு வட்டங்களிலும் பெரும்பான்மை உழைப்பாளருக்கு இம்மூன்றும் இல்லை. ஆகவே நல உதவியை வேலை நடக்கும் களத்தோடு பிணைக்க வேண்டும். பணி நியமனத்தோடு அன்று. அதைச் செய்து காட்ட ஏற்ற முதல் இடம் அரசே நடத்தும் நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கொள்முதல் நிலையம் ஆலை அல்ல என்றாலும் வேலையின் தன்மை ஆலைக்குரியது. குவித்த நெல்லைத் தூற்றும் இயந்திரத்தில் கொட்டி, சாக்கில் பிடித்து, எடை போட்டு, தைத்து, அட்டி அடுக்கி, பிறகு லாரியில் ஏற்ற வேண்டும். மூட்டை 40 கிலோ. வயதுவந்த ஆண் தூக்கக்கூடிய உச்ச எடை என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்வது 55 கிலோ. எனவே எடையில் விதிமீறல் இல்லை. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 25 மூட்டை ஒரு டன். கூலியும் மூட்டைக் கணக்கில்தான், 3.25 ரூபாயாக இருந்ததை 2021 அக்டோபரில் அரசு 10 ரூபாயாக உயர்த்தியது. தேவையான உயர்வு, பாராட்டத்தக்கது. எனினும் மூட்டைக் கூலியில் ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் வருமான இழப்பு. நெல் தூசு பறக்கும் களத்தில் மூச்சிரைப்பவர் உட்கார்ந்தால் அவர் பங்கு போய்விடும், அல்லது அவர் சுமையைக் கூட்டாளி சுமக்க வேண்டும்.

நீடித்த கோவிட் பற்றி உலக நலவாழ்வு அமைப்பு 2021 அக்டோபரில் தந்த வரையறையை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும்: தொற்று கண்ட மூன்று மாதத்துக்குப் பின்னும் தொடரும், குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கும் சோர்வு, மூச்சுத்திணறல், கவனக்குறைவு. உடலை வருத்தினால் அவை கூடவும் கூடும். மேசையில் வேலை பார்ப்பவருக்கு இது வேகக்குறைவு. தலையில் சுமை ஏற்றிப் பலகையில் நடப்பவருக்கு விபத்து. அதோடு, அறியாமலே இருக்கும் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் தொற்றைக் கொடியதாக்கின என்பது அந்த ஆண்டுகள் தந்த முக்கியமான மருத்துவப் பாடம்.

சட்டம் என்ன தருகிறது? தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு வேண்டும். அந்தக் காலம் செப்டம்பர் 30இல் முடிந்து அக்டோபர் 1இல் புதிதாகத் தொடங்குகிறது. டெல்டாவின் குறுவைக் கொள்முதல் சரியாக அந்தக் கோட்டின் இருபுறமும் விழுகிறது. அக்டோபர் நாள்களையும் சம்பாப் பருவத்தையும் கூட்டினால் 78ஐ எட்டலாம் என்று வாதிடலாம். ஆனால் மழையால், சாக்கு வராததால், லாரி வராததால் வேலை நின்ற நாள்கள் எந்தக் கணக்கிலும் ஏறா. இந்த உழைப்பாளர்களைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தாலும், ஆலை நாள்காட்டியை வைத்து எழுதிய விதி அவர்களை மீண்டும் வெளியே தள்ளும்.

  

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடைவெளியை நிரப்பும் என்பது வலுவான மறுப்பு. சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசேர்க்கும் அத்திட்டத்தின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை, 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. ஆனால் நடவுக் காலத்தில் விடியுமுன் வயலுக்குப் போய்விடும் பெண்ணையும், கொள்முதல் காலத்தில் இருட்டும்வரை களத்தில் நிற்கும் ஆணையும் வீட்டில் சந்திப்பது கடினம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அன்றைய கூலி போகும். இதை உணர்ந்துதான் பணியிடத்திலேயே பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024இல் வந்தது. அது ஆலைகளை நாடிப் போகிறது. பெரிய ஆலைகள் அரிதான, அரசு மருத்துவக் கல்லூரியும் இல்லாத மாவட்டத்தில் அது யாரைத் தேடும்?

கொள்முதல் நிலையம் என்ற பணியிடம் ஏற்கெனவே இருக்கிறது. நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். மூட்டைக் கணக்கும் கூலிக் கணக்கும் அதன் கையில் உள்ளன. நிலையம் திறக்கும் வாரத்திலும் மூடும் வாரத்திலும் களத்திலேயே இரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சுத்திறன் சோதனை நடத்தலாம். அந்த நேரத்துக்குச் சராசரி மூட்டைக் கூலி தர வேண்டும். இல்லையெனில் யாரும் வரிசையில் நிற்கமாட்டார்கள். தூசுக்கு முகக்கவசமும், நிழலும், குடிநீரும் தார்ப்பாயைப் போலவே நிலையச் செலவில் சேர வேண்டும். ஈட்டுறுதியின் 78 நாள் விதியைப் பருவத் தொழிலாளருக்குப் பன்னிரண்டு மாதத்தில் கணக்கிட ஒன்றிய அரசு திருத்த வேண்டும்.

தனியார் முதலாளிகளிடம் ஆண்டுப் பரிசோதனையைக் கேட்கும் அரசு, தன் நெல்லைச் சுமப்பவர்களுக்கு அதை முதலில் செய்து காட்டக் கடமைப்பட்டிருக்கிறது. வரும் சம்பாக் கொள்முதலுக்கு முன்பே மயிலாடுதுறை மாவட்ட நிலையங்களில் இதைத் தொடங்க வாணிபக் கழகமும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் முன்வர வேண்டும்.