நர்ஸ் படிப்புக்குப் பின் என்ன? - பெற்றோர்கள் அறிய வேண்டியவை

"பி.எஸ்சி. நர்சிங் முடித்து வேலைக்கும் போய்விட்டாள். இனி எதற்கு மேலே படிப்பு?" என்று நம் வீடுகளில் கேட்கிறோம். செவிலியர் பணியில் இன்று ஒரு புதிய படி உருவாகியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

மருத்துவருக்கும் வார்டு நர்சுக்கும் இடையில் நின்று, நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து, வரையறுக்கப்பட்ட எல்லைக்குள் சிகிச்சை முடிவுகளும் எடுப்பவரே 'நர்ஸ் பிராக்டிஷனர்'. 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இப்பயிற்சியைத் தொடங்கினர். மருத்துவர் எட்டாத இடங்களில் உள்ள குழந்தைகளைக் கவனிப்பதே அன்றைய நோக்கம்.

இந்தியாவில் இரண்டு வழிகள்

முதலாவது, தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த இந்த முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டுகள். பதிவு பெற்ற பி.எஸ்சி. செவிலியராக இருப்பதோடு, குறைந்தது ஓராண்டு மருத்துவமனை அனுபவமும் வேண்டும். டிப்ளமோ முடித்தவர்கள் முதலில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்க வேண்டும்.

இதில் வகுப்பறைக்கு 20 சதவீதம்தான். மீதி 80 சதவீதம் நோயாளியின் படுக்கை அருகில். நோய் உடலை எப்படிப் பாதிக்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது, உடற்பரிசோதனை ஆகியவற்றை ஆழமாகக் கற்பிக்கிறார்கள். ஆகவே, "வீட்டிலிருந்தே முடிக்கலாம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, மகப்பேறு நர்ஸ் பிராக்டிஷனர். மத்திய சுகாதார அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இது 18 மாதப் பயிற்சி. சிக்கலற்ற பிரசவங்களைத் தாமே பொறுப்பேற்றுப் பார்ப்பதும், ஆபத்தின் அறிகுறி தென்பட்டவுடன் மருத்துவரிடம் ஒப்படைப்பதும் இவர்கள் பணி. பெண்ணே பிரசவம் பார்க்க வேண்டும் என்று விரும்பும் நம் குடும்பங்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

எல்லையும் உண்டு

பயிற்சி முடித்தவர் டாக்டர் ஆகிவிடுவதில்லை. மருத்துவமனை வகுத்த நெறிமுறைக்குள்தான் செயல்பட வேண்டும். பட்டம் கிடைத்தாலும் அதே பெயரில் பதவி எல்லா இடங்களிலும் இருக்காது. பழைய ஸ்டாஃப் நர்ஸ் வேலையே தொடரக்கூடும். வளைகுடா நாடுகளுக்குச் செல்ல நினைப்பவர்கள், இந்தப் பட்டத்தை அந்நாட்டு உரிமம் வழங்கும் அமைப்பு எப்படி மதிப்பிடுகிறது என்பதை முன்பே விசாரிக்க வேண்டும்.

பணம் கட்டும் முன்

மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் படிப்பை நடத்த அக்கல்லூரிக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா? பயிற்சி பெறும் மருத்துவமனையில் போதிய தீவிர சிகிச்சைப் படுக்கைகள் உண்டா? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கான பதிலை அங்கு படித்த பிள்ளைகளிடமே கேட்பது மேல்.

இரவுப் பணி, திருமணம், குழந்தை என்று தயங்கும் காரணங்கள் நமக்கு இருக்கலாம். அவற்றை மகளோடும், மருமகளோடும் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். விவரம் தெரியாமலே "வேண்டாம்" என்று சொல்லிவிடக் கூடாது என்பதே நாம் வேண்டுவது.