மீள்பதிவு (இசை)

இக்கட்டுரை ஏற்கனவே வெளிவந்த பாடலை அதே கலைஞர் மீண்டும் பாடியும் இசைத்தும் பதிவு செய்வதைப் பற்றியது. தமிழ்த் திரைப்படத் துறையில் ரீ-ரெக்கார்டிங் என வழங்கும் பின்னணி இசைச் சேர்ப்பு இதிலிருந்து வேறானது.

மீள்பதிவு என்பது ஓர் இசைக்கலைஞரோ இசைக்குழுவோ தாம் முன்னர் பதிவு செய்து வெளியிட்ட பாடலைப் பல ஆண்டுகள் கழித்துப் புதிதாக ஒலிப்பதிவு செய்து வெளியிடுவது ஆகும். ராக் இசையில் நீண்டகாலம் இயங்கிவரும் மூத்த கலைஞர்களிடையே இவ்வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. பழைய ஒலிப்பதிவின் உரிமை வேறொருவரிடம் இருத்தல், முதற்பதிவில் நேர்ந்த குறைகளைக் களைய விரும்புதல், முதுமையில் அப்பாடலுக்கு வேறு பொருள் காணுதல் ஆகியன இதற்கான முதன்மைக் காரணங்கள் ஆகும். இந்தியாவில் திரைப்படப் பாடல்களின் உரிமை அமைப்பு வேறாக இருப்பதால் இவ்வழக்கம் வேறு வடிவங்களை எடுத்துள்ளது.

தொடர்புடைய பிற சொற்கள்

மீள்பதிவு பின்வருவனவற்றுடன் குழப்பிக் கொள்ளப்படுவதுண்டு.

- மெருகூட்டல் (ரீமாஸ்டரிங்): பழைய ஒலிப்பதிவையே எடுத்து அதன் ஒலித்தரத்தை மேம்படுத்துதல். புதிதாக எதுவும் பாடப்படுவதில்லை.
- மறுகலவை (ரீமிக்ஸ்): பழைய பதிவின் குரல், கருவி ஆகியவற்றின் தடங்களைப் பிரித்து வேறு விகிதத்தில் கலத்தல். தமிழ்த் திரைப்படங்களில் பழைய பாடலைப் புதிய தாளத்துடன் முழுமையாகப் புதிதாகப் பதிவு செய்வதும் ரீமிக்ஸ் என்றே அழைக்கப்படுகிறது.
- பிறர் பதிவு (கவர்): ஒருவர் பதிவு செய்த பாடலை வேறொரு கலைஞர் பாடிப் பதிவு செய்தல்.
- மெட்டின் மறுபயன்பாடு: ஓர் இசையமைப்பாளர் தமது பழைய மெட்டை வேறு வரிகளுடன் வேறு படத்தில் பயன்படுத்துதல்.

இவற்றுள் முதலிரண்டுக்கும் பழைய ஒலிப்பதிவு தேவை. மீள்பதிவுக்கு அது தேவையில்லை. சட்டத்தின் பார்வையில் இவ்வேறுபாடு முதன்மையானது.

இரு வேறு உரிமைகள்

பதிவு செய்யப்பட்ட ஒரு பாடலில் இரண்டு தனித்தனிப் பதிப்புரிமைகள் அடங்கியுள்ளன. ஒன்று, பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும் உரியது. இது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமையாகத் தொடங்குகிறது. மற்றொன்று, ஒலிப்பதிவுக்கு உரியது. மூல ஒலிநாடாவின் மீதான இவ்வுரிமை வழக்கமாகப் பதிவுச் செலவை ஏற்ற நிறுவனத்திடம் இருக்கும். ஒரு திரைப்படத்திலோ விளம்பரத்திலோ குறிப்பிட்ட ஒலிப்பதிவைப் பயன்படுத்த விரும்புவோர் இவ்விரு உரிமையாளர்களிடமும் இசைவு பெற வேண்டும்.

தமது பாடலைத் தாமே எழுதிய கலைஞர் நிறுவனத்தை விட்டு விலகினாலும் முதல் உரிமையில் அவருக்குப் பங்கு இருக்கும். பழைய ஒலிப்பதிவை அவர் வெளியிட இயலாது. ஆயினும் அதே பாடலைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தால், அப்புதிய பதிவின் உரிமை அவருடையதாகிறது. மீள்பதிவுகள் பலவும் இந்த இடைவெளியில் தோன்றியவையே ஆகும்.

இதனை அறிந்த நிறுவனங்கள், ஒப்பந்தக் காலத்திலும் அதன் பின் குறிப்பிட்ட சில ஆண்டுகள் வரையிலும் அதே பாடல்களைக் கலைஞர் மீண்டும் பதிவு செய்யலாகாது என ஒப்பந்தத்தில் நிபந்தனை சேர்ப்பது வழக்கம்.

வரலாறு

தொடக்க காலம்

மீள்பதிவு ராக் இசைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ரா, கேப்பிட்டல் நிறுவனத்தில் புகழ்பெற்ற தம் பாடல்கள் சிலவற்றைத் தாம் 1960-இல் தொடங்கிய ரீப்ரைஸ் நிறுவனத்துக்காக மீண்டும் பாடினார். அவை சினாட்ராஸ் சினாட்ரா என்ற இசைத்தொகுப்பாக 1963-இல் வெளிவந்தன.

ராக் அண்டு ரோல் கலைஞர்கள் பலர் நிறுவனம் மாறியபோது இவ்வழியைப் பின்பற்றினர். கேடன்ஸ் நிறுவனத்திலிருந்து வார்னர் நிறுவனத்துக்கு மாறிய எவர்லி சகோதரர்கள், தம் தொடக்ககால வெற்றிப் பாடல்களை மீண்டும் பாடி 1964-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டனர். செஸ் நிறுவனத்திலிருந்து மெர்க்குரி நிறுவனத்துக்கு மாறிய சக் பெர்ரி 1967-இல் கோல்டன் ஹிட்ஸ் என்ற தொகுப்பில் தம் பழைய பாடல்களை மீள்பதிவு செய்தார். பழைய பாடல்களைப் புதிய நிறுவனத்தின் பெயரில் விற்பதே இவற்றின் நோக்கமாக இருந்தது.

பிற்கால ராக் கலைஞர்கள்

இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் ஓல்ட்பீல்ட், தமது 19-ஆம் அகவையில் பெரும்பாலான கருவிகளைத் தாமே வாசித்துப் பதிவு செய்த டியூபுலர் பெல்ஸ் 1973-இல் வெளிவந்தது. வர்ஜின் நிறுவனத்தின் முதல் வெளியீடு இதுவே. முதற்பதிவின் குறைகள் குறித்து நிறைவடையாத அவர், முப்பதாம் ஆண்டில் டியூபுலர் பெல்ஸ் 2003 என்ற பெயரில் அதனை முழுமையாக மீள்பதிவு செய்தார. கருவிகளின் பெயர்களை அறிவிக்கும் விவியன் ஸ்டான்ஷல் 1995-இல் இறந்துவிட்டதால், புதிய பதிவில் நடிகர் ஜான் கிளீஸ் அப்பகுதியைப் பேசினார்.

டெஃப் லெப்பர்ட் குழுவினருக்கும் அவர்களது இசை வெளியீட்டு நிறுவனத்துக்கும் இடையே இணையவழி விற்பனைக்கான பங்குத்தொகை குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தது. இதனால் அக்குழுவினர் 2012-இல் தம் 1980-களின் பாடல்கள் சிலவற்றை மூலத்துடன் வேறுபாடு தெரியாதவாறு மீண்டும் பதிவு செய்தனர். இவற்றைத் தம் பாடல்களுக்குத் தாமே செய்த போலிகள் என்று அக்குழுவின் பாடகர் ஜோ எலியட் குறிப்பிட்டார். கருத்து வேறுபாடு தீர்ந்த பின் 2018-இல் பழைய பதிவுகள் இணையத்தில் வெளிவந்தன.

அதே 2012-இல் எலக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா குழுவின் ஜெஃப் லின், அக்குழுவின் பழைய பாடல்களைப் பெரும்பாலும் தாம் ஒருவராகவே வாசித்து மீள்பதிவு செய்தார்.

முன்னர் கேட் ஸ்டீவன்ஸ் என அறியப்பட்ட யூசுப், 1970-இல் வெளிவந்த தமது டீ ஃபார் தி டில்லர்மேன் என்ற தொகுப்பை 2020 செப்டம்பரில் மீள்பதிவாக வெளியிட்டார். அதில் இடம்பெறும் ஃபாதர் அண்டு சன் என்ற பாடல் தந்தைக்கும் மகனுக்கும் இடையேயான உரையாடல் ஆகும். 1970-இல் இரு பகுதிகளையும் இளைஞரான அவரே பாடியிருந்தார். புதிய பதிவில் தந்தையின் பகுதியை 70 அகவையைக் கடந்த யூசுப் பாட, மகனின் பகுதிக்கு 1970-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த நிகழ்ச்சியில் பதிவான அவரது இளமைக்குரல் பயன்படுத்தப்பட்டது.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் முன்னாள் உறுப்பினர் ரோஜர் வாட்டர்ஸ், அக்குழு 1973-இல் வெளியிட்ட தி டார்க் சைட் ஆஃப் தி மூன் தொகுப்பைத் தமது 80-ஆம் அகவையில், 2023 அக்டோபரில், மீள்பதிவாக வெளியிட்டார். மூலத்தில் புகழ்பெற்ற மின்கிதார் தனியிசை இதில் இல்லை. தாழ்ந்த குரலில் அமைந்த பேச்சு மிகுதியாக இடம்பெறுகிறது. அதே ஆண்டில் அயர்லாந்தின் யூ2 குழுவினர் தம் 40 பாடல்களைக் குறைந்த கருவிகளுடன் மீள்பதிவு செய்து வெளியிட்டனர்.

ராக் இசைக்கு வெளியே, அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விப்ட்டின் மீள்பதிவுகள் இவ்வழக்கத்தை உலகறியச் செய்தன. அவரது முதல் ஆறு தொகுப்புகளின் ஒலிப்பதிவு உரிமை 2019-இல் கைமாறியதை அடுத்து, அவற்றுள் நான்கினை 2021 முதல் 2023 வரை மீள்பதிவு செய்து வெளியிட்டார். 2025 மே மாதம் மூல ஒலிப்பதிவுகளையே அவர் விலைக்கு வாங்கினார்.

இந்தியாவில்

மேற்கண்ட ராக் கலைஞர்களுள் பெரும்பாலோர் தம் பாடல்களைத் தாமே எழுதியவர்கள். இந்தியாவில் பெரும்பான்மையான பாடல்கள் திரைப்படத்துக்காக உருவாக்கப்படுபவை. வரிகள், மெட்டு, குரல், முதலீடு ஆகியன வெவ்வேறு நபர்களுடையவை. எனவே ஒரு பாடகரோ இசையமைப்பாளரோ தனித்து மீள்பதிவு செய்வது எளிதன்று.

சட்டம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், ஊதியம் கொடுத்துத் திரைப்படத்தை உருவாக்கச் செய்தவரே அதன் முதல் உரிமையாளர் ஆவார். திரைப்படப் பாடல்களின் வரிகளும் இசையும் இவ்வாறே தயாரிப்பாளரைச் சேரும் என 1977-இல் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய பங்குத்தொகையைப் பெறும் உரிமையைத் தயாரிப்பாளரிடமோ நிறுவனத்திடமோ விட்டுக்கொடுக்க இயலாதவாறு செய்தது.

பிறர் பதிவுகளுக்கான 31சி என்ற பிரிவும் இத்திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. இதன்படி ஒரு பாடலின் முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அப்பாடலை வேறொருவர் பதிவு செய்யலாம். அதற்கு முன்னர் இக்காலம் இரண்டு ஆண்டுகளாக இருந்தது. முன்னறிவிப்பு தருதல், பங்குத்தொகையை முன்கூட்டியே செலுத்துதல், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான தொகை தருதல் ஆகியன நிபந்தனைகள். உறையில் முந்தைய பதிவின் பாடகர் பெயரோ படமோ இடம்பெறலாகாது.

இளையராஜாவின் மெட்டுகள்

1976-இல் அன்னக்கிளி படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜா, தம் பழைய மெட்டுகளைப் பல முறை புதிதாகப் பதிவு செய்துள்ளார். பால்கி இயக்கிய இந்தித் திரைப்படங்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள்.

சீனி கம் (2007) படத்தின் தலைப்புப் பாடல் மௌன ராகம் (1986) படத்தின் "மன்றம் வந்த" பாடலின் மெட்டில் அமைந்தது. அப்படத்தின் "ஜானே தோ நா" என்ற பாடல், கன்னடத்தில் கீதா (1981) படத்துக்காக அமைக்கப்பட்டுப் பின்னர் தமிழில் நூறாவது நாள் (1984) படத்திலும் இடம்பெற்ற மெட்டாகும். பா (2009) படத்தின் "கும் சும் கும்" பாடல், ஓளங்கள் (1982) என்ற மலையாளப் படத்தின் "தும்பீ வா" பாடலையும், ஆட்டோ ராஜா (1982) படத்தின் "சங்கத்தில்" பாடலையும் நினைவூட்டும் அதே மெட்டு.

இவை புதிய வரிகள் கொண்டவை என்பதால் மெட்டின் மறுபயன்பாடு என்றே கொள்ளத்தக்கவை. கண்டிப்பான பொருளில் மீள்பதிவுக்கு நெருங்கியது "புத்தம் புதுக் காலை" ஆகும். எஸ். ஜானகி பாடிய இப்பாடல் அலைகள் ஓய்வதில்லை (1981) படத்தின் இசைத்தட்டில் வெளிவந்தபோதும் படத்தில் இடம்பெறவில்லை. வானொலி வழியாகப் புகழ்பெற்ற இது, மேகா (2014) படத்துக்காக வேறு பாடகியின் குரலில் மீண்டும் பதிவு செய்யப்பட்டுப் படத்திலும் இடம்பெற்றது.

தம் பாடல்களின் மீதான உரிமை குறித்து இளையராஜா பல வழக்குகளை நடத்தியுள்ளார். 2017-இல், தம் இசைவின்றித் தம் பாடல்களை மேடையில் பாடுவது குறித்துப் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு அவர் சார்பில் அறிவிப்பு அனுப்பப்பட்டது பெரும் விவாதத்தை எழுப்பியது. பாடலை உலகறியச் செய்த குரலும், அதனை இயற்றியவரின் உரிமையும் வெவ்வேறு என்பதைப் பொதுமக்கள் பலர் அப்போதுதான் அறிந்தனர்.

தொழில்நுட்பச் சிக்கல்கள்

பழைய ஒலியை மீண்டும் உருவாக்குவது கடினமான பணியாகும். அகவை கூடும்போது பாடகரின் உச்ச சுருதி குறைவதால், பாடலின் சுருதியைத் தாழ்த்த நேரிடுகிறது. சுருதி தாழும்போது கிதார் போன்ற தந்திக்கருவிகளின் ஒலித்தன்மையும் மாறுகிறது. அக்காலத்து ஒலிவாங்கிகள், மின்னிசைக் கருவிகள், ஒலிநாடா இயந்திரங்கள் ஆகியவையும் தேவைப்படுகின்றன.

1970-களில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகர்களும் வாத்தியக் குழுவினரும் ஒருங்கே அமர்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்தனர். ஒருவர் பிழை செய்தாலும் அனைவரும் மீண்டும் வாசிக்க வேண்டும். பிற்காலத்தில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியே பதிவாகிறது. எனவே சுரங்கள் மாறாவிடினும், ஒருவரையொருவர் கேட்டு வாசித்ததால் விளைந்த இயைபு புதிய பதிவில் அமைவதில்லை என்று இசை ஆர்வலர்கள் கூறுவதுண்டு.

வரவேற்பும் விமர்சனமும்

மீள்பதிவுகள் பெரும்பாலும் மூலப்பதிவின் இடத்தைப் பெறுவதில்லை. கேட்போர் பாடலுடன் தம் இளமை நினைவுகளையும் சேர்த்தே வைத்திருப்பதால், சிறு மாற்றமும் அவர்களுக்கு அயலாகத் தோன்றுகிறது. மூலத்தை அப்படியே ஒத்திருக்கும் பதிவு தேவையற்றது என்றும், பெரிதும் மாறிய பதிவு மூலத்தைச் சிதைக்கிறது என்றும் இருவகைக் குறைகள் கூறப்படுகின்றன.

மாறாக, முதுமையின் குரலை மறைக்காமல் அதனையே பாடலின் பொருளாக்கும் மீள்பதிவுகள் தனிப் படைப்பாக மதிக்கப்படுகின்றன. யூசுப்பின் தந்தை-மகன் பாடல் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறத்தக்கது. மீள்பதிவினால் ஒரு கலைஞர் பாடலின் உரிமையையும் அதன் வருவாயையும் மீட்கலாம். முதற்பதிவில் இருந்த குரலை மீட்க இயலாது.

இவற்றையும் பார்க்க

- பதிப்புரிமை
- ராக் இசை
- இளையராஜா
- பின்னணி இசை